உபயம்: தையற்கடை மாஸ்டர்

தலைவர் ஜெயித்துப் பதவியேற்ற கையோடு விருப்ப ஆபீஸைத் திறந்துவிட்டார்கள். முழுப்பெயர் 'வாக்காளர் விருப்ப நிறைவேற்ற ஆணையம்'. அதைச் சொல்லி முடிப்பதற்குள் வரிசையில் பின்னால் நிற்பவர் முன்னால் போய்விடுகிறார் என்பதால் ஜனங்கள் சுருக்கிக்கொண்டார்கள்.

தேர்தலுக்கு முன்னால் தலைவர் மேடையில் அதிகம் பேசியதில்லை. ரோடு போடுவேன், ஆஸ்பத்திரி கட்டுவேன் என்று எதையும் சொல்லி மாட்டிக்கொள்ளவும் இல்லை. "உங்கள் கோபமே என் ஆணை" என்று ஒரே ஒரு வரி. சொல்லிவிட்டு மைக்குக்குப் பின்னால் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். கீழே நிற்கிறவர்கள் அவரவர் கோபத்தை அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் கச்சிதமாகப் பொருந்தும்.

தையற்கடை மாஸ்டருக்கும் பொருந்தியது.

மாஸ்டர் நல்ல மனிதர். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கடைத்தெருவின் நடுவில் ஒற்றை அறைக் கடை, இரண்டு மிஷின், ஒன்றில் அவர் தைப்பார், இன்னொன்று வேலை இல்லாததால் உறை போட்டு மூடிக் கிடக்கும். முன்பு அதற்கும் ஆள் இருந்தது. எதிர்ச்சாரியில் மூன்று மாடிக்குக் கண்ணாடி போட்டு ரெடிமேட் கடை வந்தபிறகு பாதி வாடிக்கை அங்கே போயிற்று. அந்தக் கடை தலைவருடைய மச்சினருடையது. இது தெருவுக்கே தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். ஆனால் அத்தனை பெரிய கண்ணாடியின்மேல் கோபப்பட்டால் கோபம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அது நிற்பதற்குக் கொஞ்சம் தாழ்வான இடம் வேண்டும்.

அக்கரைக்காரர்கள் இருந்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைப்பு தேடி வந்தவர்கள். பஸ்ஸில் சத்தமாகச் சிரிக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் விடிவதற்குள் வந்து வரிசையில் நிற்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று புரிவதற்குள் பேசி முடித்துவிடுகிறார்கள். வியாபாரம் படுத்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மாஸ்டரின் மனைவி ஒருநாள் கேட்டாள். சம்பந்தம் இல்லாமலா இத்தனை பேர் சொல்கிறார்கள் என்று மாஸ்டர் கேட்டார். அந்த வாதத்துக்குப் பதில் யாரிடமும் இருக்காது.

ஆக, மாஸ்டர் ஓட்டுப் போட்டார். விரலில் மையோடு கடைக்கு வந்து, ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்த காஜாக்காவின்மேல் வெயில் படாமல் திரையை இழுத்துவிட்டார். அவர் நடத்தை அன்றைக்கும் மரியாதையாகவே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காஜாக்காவும் அக்கரைக்காரிதான். சட்டையிலும் கோட்டிலும் பொத்தான் போடும் துளையைச் சுற்றிப் பிசிறு வராமல் நூல் கட்டுவதற்குக் காஜா எடுப்பது என்று பெயர். மிஷினில் எடுக்கலாம், கையில் எடுத்தால்தான் கோட்டுக்கு அழகு. அவள் எடுத்த துளையில் பொத்தான் தானாகப் போய் உட்காரும் என்று மாஸ்டரே வாடிக்கைக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார். அவளைவிட அவர் வயதில் மூத்தவர். இருந்தாலும் தெருவே அக்கா என்பதால் அவரும் அக்கா என்பார். அவள் அவரை மாஸ்டர் என்பாள். பல வருஷமாக இப்படியே போய்க்கொண்டிருந்தது.

விருப்ப ஆபீஸிலிருந்து மாஸ்டருக்கு அழைப்பு வந்தது. தலைவர் சார்பில் நன்றி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று ஆள் வந்து சொன்னான். மாஸ்டர் தன் கல்யாணக் கோட்டை எடுத்து, இடுப்பைத் தளர்த்தி, போட்டுக்கொண்டு போனார்.

காத்திருக்கும் கூடத்தில் நல்ல மெத்தை நாற்காலிகள். ஏற்கெனவே நிறைவேறியவர்களும் மேற்கொண்டு நிறைவேற வேண்டியவர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில், அதே தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். மதில்மேல் உட்கார்ந்து பையன்கள் சிரிக்கிறார்கள், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது வாத்தியாரின் கோபம். அதற்காகத்தான் ஓட்டுப் போட்டார். ஆணையம் மதிலுக்குக் காவல் போட்டுவிட்டது. இப்போது தெருவில் சிரிப்புச் சத்தமே இல்லை. "அதான் கவலையா இருக்கு," என்றார் வாத்தியார் தாழ்ந்த குரலில். "வெளியில சிரிச்சா காதுல விழும். இப்ப வீட்டுக்குள்ள வச்சு சிரிக்கறானுங்க. விருப்பத்தைக் கொஞ்சம் விரிவுபடுத்தித் தரச் சொல்லிக் கேக்க வந்திருக்கேன்."

அவருக்கு அந்தப்புறம் ரொட்டிக்கடைக்கார அம்மாள். அவளுடைய நாத்தனார் வீட்டுக்குப் பால்கனி இருந்தது. அதிலே நின்று நாத்தனார் தலை துவட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த அம்மாளுக்கு வயிறு எரியும். ஆணையம் வந்து இடித்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே உத்தரம் என்பதால் இவளுடைய சமையலறையும் சேர்ந்து விழுந்துவிட்டது. நன்றி சொல்ல வந்திருந்தாள். மாஸ்டர், 'பாவம்' என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பாவமெல்லாம் இல்லீங்க," என்றாள் அம்மாள். "அவளோடதுதான் முதல்ல விழுந்துச்சு."

உள்ளே அலுவலர் எழுந்து நின்று வரவேற்றார். மெல்லிய குரல், நன்றாகச் சீவிய தலை, நாற்காலியை இழுத்துப் போட்டு மாஸ்டர் உட்கார்ந்தபிறகே தானும் உட்கார்ந்தார். இப்படி ஒரு மரியாதையை மாஸ்டர் எந்த அரசாங்கத்திலும் பார்த்ததில்லை. அதைச் சொன்னார். அலுவலருக்கு மகிழ்ச்சி.

"முன்னாடி இருந்தவங்க உங்க தேவையைக் கேட்டாங்க சார். தண்ணி, வெளிச்சம், வைத்தியம். அதெல்லாம் முடியற காரியமா? செலவு. நாங்க உங்க கோபத்தைக் கேக்கறோம். ஒரு வண்டி, நாலு ஆள். முடிஞ்சுது."

பிறகு, மாஸ்டரின் விருப்பம் என்ன என்று கேட்டார். அக்கரைக்காரர்களை அனுப்ப வேண்டும் என்றார் மாஸ்டர். நல்லது, யாரை என்றார் அலுவலர். அவர்களைத்தான் என்றார் மாஸ்டர். அதாவது யாரை என்றார் அலுவலர். பொதுவாக எல்லோரையும் என்றார் மாஸ்டர்.

அலுவலர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. "எல்லாருமேங்கற பேர்ல யாரும் குடியிருக்கல சார். வண்டி ஒரு வாசல்ல போய் நிக்கணும் இல்லையா? போன மாசம் ஒருத்தர் வந்தார். ஊர் கெட்டுப்போச்சு, அதைச் சரி பண்ணணும்னார். எந்த வீட்டைன்னு கேட்டோம். அழ ஆரம்பிச்சுட்டார். இப்படி மொட்டையாக் கோபப்பட்டா நாங்க எப்படி வேலை பாக்கறது?"

மாஸ்டருக்குச் சங்கடமாகிவிட்டது. எதிரில் இருப்பவர் தன்னை ஒரு மோசமான ஆளாக நினைத்துவிடக் கூடாது. யாரோ ஒருவனைக் குறிவைத்துக் கெடுக்க வந்தவன் போலத் தெரியக் கூடாது. இந்த இடத்தில் ஒவ்வொரு நல்ல மனிதரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. மாஸ்டரும் அதைச் சொன்னார்.

"எனக்குத் தனிப்பட்ட முறையில அவங்க மேல ஒண்ணும் இல்லீங்க. என் கடையிலேயே ஒரு அக்கா வேலை பாக்குது. அக்கரைதான். கூடப் பொறந்தது மாதிரி. தங்கமான மனுஷி."

"அப்படியா," என்றார் அலுவலர், உண்மையான ஆர்வத்தோடு. "அந்தத் தங்கமான மனுஷி எங்க குடியிருக்காங்க?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நீலக் கதவு போட்ட வீடு என்றார் மாஸ்டர். தனக்கு அவர்களோடு எவ்வளவு நெருக்கம் என்று காட்டுவதற்காக, கதவு மழைக்கு உப்பிக்கொள்ளும், கீழ்ப்பக்கம் ஒரு உதை விட்டால் திறக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அலுவலர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரொம்பத் தெளிவான வாக்காளர் என்று பாராட்டினார்.

மாஸ்டர் நெஞ்சு நிமிர்ந்து வீட்டுக்கு வந்தார். என்ன நடந்தது என்று மனைவி கேட்டதற்கு, நல்ல மரியாதை, மெத்தை நாற்காலி என்றார்.

இரண்டு நாள் கழித்துக் காஜாக்கா வேலைக்கு வரும்போது கையில் ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கதவில் ஒட்டியிருந்ததைப் பசை காய்வதற்குள் உரித்திருக்கிறாள். முக்காலியில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்து, கோட்டு ஒன்றை மடியில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் தாளை நீட்டினாள். இவ்வீட்டில் குடியிருப்பவர் வருகிற வெள்ளிக்கிழமை மாலை பாலத்துக்கு அப்பால் கொண்டுவிடப்படுவார் என்று அச்சடித்திருந்தது. கோவிலுக்குக் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவர் பெயரை விளக்கின்மேல் எழுதுவார்களே, அது போலக் கீழே சிவப்பில் ஒரு வரி. உபயம்: தையற்கடை மாஸ்டர்.

மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

"மாஸ்டர், நான் ஏதாச்சும் காஜா தப்பா எடுத்துட்டேனா?" என்று கேட்டாள். குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் மாஸ்டருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இந்த மாதிரிக் கேள்வி கேட்டு மனிதரைச் சங்கடப்படுத்துகிறாளே என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அய்யோ, உங்களை நெனச்சு நான் போடலக்கா."

"சரி. யாரை நெனச்சுப் போட்டீங்க?"

மாஸ்டர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார், பிறகு விரித்தார்.

"சொல்லுங்க மாஸ்டர். அவங்க கதவுல ஒட்டச் சொல்லலாம்."

அவருக்கு யாரும் ஞாபகம் வரவில்லை. இத்தனை வருஷக் கோபத்தில் ஒரு முகம்கூட இல்லை. அக்கரைக்காரர் என்று அவருக்குப் பெயரும் வாசலும் தெரிந்த ஒரே ஆள், எதிரில் உட்கார்ந்து அவருடைய வாடிக்கைக்காரரின் கோட்டுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே ஓடினார். அலுவலர் மறுபடியும் எழுந்து நின்று வரவேற்றார். ஒரு தப்பு நடந்துவிட்டது, அந்த அக்காவை விட்டுவிட வேண்டும் என்று மாஸ்டர் கேட்டார். தாராளமாக விட்டுவிடலாம் என்றார் அலுவலர். ஆணையத்துக்கு அந்த அம்மாள்மேல் ஒரு கோபமும் இல்லை.

"நாங்க யாரையும் வெறுக்கறதே இல்ல சார். அதுக்கெல்லாம் எங்களுக்கு ஏது நேரம். வெறுப்பு உங்களோடது. வண்டி மட்டும்தான் எங்களோடது." பிறகு யோசனை சொல்கிற தோரணையில், "அந்த அம்மாவுக்குப் பதிலா வேற ஒருத்தரைச் சொல்லுங்க. மாத்திக் குடுத்துடறேன். வண்டி சும்மா போகக் கூடாது, அவ்வளவுதான்," என்றார்.

மாஸ்டருக்கு உயிர் வந்தது. அக்காவைக் காப்பாற்றுவதற்காக, வெறுப்பதற்குத் தகுந்த ஒரு அக்கரைக்காரரைத் தேடிக்கொண்டு புறப்பட்டார்.

முதலில் கிடங்குத் தெருவுக்குப் போனார். அங்கேதான் அவர்கள் கூட்டமாக வேலை செய்வார்கள். ஒரு மூட்டைக்காரன் முறைத்தான். நல்ல ஆரம்பம் என்று கிட்டே போனால், முறைப்பு இல்லை, கண்ணில் தூசி. மாஸ்டரின் கோட்டில் பின்னால் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்று சொல்லித் தட்டிவிட்டான். அடுத்து ஒரு கிழவர், விலாசம் தேடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, கேட்காமலேயே தெருமுனை வரை கூட வந்தார். மாஸ்டருக்கு ஆத்திரம் வந்தது. தேவைப்படும்போது ஒருத்தனாவது ஒழுங்காக நடந்துகொள்கிறானா பாருங்கள்.

பஸ் நிறுத்தத்தில் அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு பொம்பளை அவரை இடித்துக்கொண்டு ஏறி, காலை மிதித்து, கண் தெரியலையா கிழவா என்று கேட்டுவிட்டு, அவருக்கென்று காலியான இடத்தில் பையை வைத்து உட்கார்ந்தாள். மாஸ்டர் பூரித்துப்போனார். இவள்தான் என்று அவள் இறங்குமிடம் வரை பின்னாலேயே போய், அம்மா உங்களுக்கு அக்கரையில் எந்த ஊர் என்று மரியாதையாகக் கேட்டார். அவள் செருப்பைக் கழற்றினாள். அக்கரையா, யாரைப் பார்த்து அக்கரைக்காரி என்கிறாய், பரம்பரையாக இங்கே இருக்கிறோம், தலைவருக்கு முதல் ஓட்டு நான் போட்டேன் என்றாள். அவள் தலைமயிரில் தலைவர் படம் போட்ட கிளிப் இருந்ததை மாஸ்டர் அப்போதுதான் கவனித்தார்.

கடைசியில் வேறு வழியில்லாமல் காஜாக்காவிடமே கேட்டார். உங்கள் ஆட்களில் ரொம்ப மோசமானவர்கள் யாராவது இருக்கிறார்களா, உங்கள் நன்மைக்குத்தான் கேட்கிறேன் என்றார். அவள் ஊசியை நிறுத்தி, நியாயமாக யோசித்தாள்.

"எங்க மாமியார் இருந்தா," என்றாள். "போய்ச் சேர்ந்துட்டா."

வியாழக்கிழமை காலை மாஸ்டர் மூன்றாவது முறையாக அலுவலர் முன்னால் உட்கார்ந்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை என்றார். அலுவலர் அனுதாபப்பட்டார். பலருக்கும் இதுதான் சிரமம், வெறுப்பு நிறைய வைத்திருக்கிறார்கள், ஆட்களைத்தான் தெரிந்துவைத்திருப்பதில்லை என்றார். அப்புறம், இன்னொரு வழியும் இருக்கிறது என்று சொல்லி, தாழ்வாரத்தின் கோடியில் ஒரு அறையைத் திறந்து காட்டினார். 'மனமாற்றப் பிரிவு' என்று பலகை. உள்ளே அடுக்கடுக்காக நாற்காலிகள், ஒரு பெரிய ஒலிபெருக்கி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு மைக்.

விதி சுலபமானது. வாக்காளர் தன் தெருவிலேயே, தெருக்காரர்கள் முன்னிலையில், இந்த மைக்கைப் பிடித்து இரண்டே வரி சொல்ல வேண்டும். நான் இப்படி ஆசைப்பட்டேன். அது தப்பு. அவ்வளவுதான். சொல்லிவிட்டால் வண்டி காலியாகத் திரும்பிவிடும். அபராதம் கிடையாது, ஓட்டுரிமை போகாது, ஒருவரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள்.

இவ்வளவுதானா என்று கேட்டார் மாஸ்டர். இவ்வளவுதான் என்றார் அலுவலர்.

"இந்தப் பிரிவைத் திறந்தப்ப கூட்டம் தாங்காதுன்னு பயந்துட்டோம் சார். நாற்காலியெல்லாம் வாங்கிப் போட்டோம். இதுவரைக்கும் ஒருத்தர் வரல. தலைவர் அப்பவே சொன்னார், ஒரு மைக் போதும், அதுவும் உறை பிரிக்காம இருக்கும்னு. தலைவருக்கு உங்களைப் பத்தி ரொம்ப நல்லாத் தெரியும்."

மாஸ்டர் கொஞ்சம் பேரம் பேசிப் பார்த்தார். தப்பு என்பதற்குப் பதிலாக, ஏமாந்துவிட்டேன் என்று சொல்லலாமா? யார் ஏமாற்றினார்கள் என்று அலுவலர் கேட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற முதல் அரசாங்கம் இது. என் மச்சான் பேச்சைக் கேட்டுப் போட்டுவிட்டேன் என்று சொன்னால்? மச்சானையும் கூட்டிவாருங்கள், இன்னொரு நாற்காலி போடுகிறோம் என்றார். மைக் இல்லாமல், அந்த அக்காவிடம் மட்டும் தனியாகச் சொன்னால்? அது உங்கள் சொந்த விஷயம், ஆணையம் தலையிடாது, வண்டியும் நிற்காது என்றார்.

அன்று முழுக்க மாஸ்டர் கடையில் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். மனைவி உறை போட்ட மிஷினில் சாய்ந்துகொண்டு கேட்டாள். முதல் தடவை, நாட்டு நடப்பு என்று ஆரம்பித்து ரெடிமேட் துணியின் தரத்தில் போய் முடிந்தது. அடுத்த தடவை, தன் அப்பா எவ்வளவு நேர்மையானவர் என்பது வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு வரி மட்டும் எங்கேயோ மடிப்புக்குள் போய்விட்டது.

"ரெண்டே வரிங்க," என்றாள் மனைவி. "ஒரு காலர் வைக்கற நேரம்கூட ஆகாது. அந்தக்கா வீடு வாசல் போகுது. உங்களுக்கு என்ன போகுது, சொல்லுங்க?"

"தெருவே பாக்கும்டி."

"பாக்கட்டுமே. கண்ணுதானே."

மாஸ்டர் வெட்கப்பட்டார். சொல்லிவிடுகிறேன் என்றார். காஜாக்காவிடமும் போய், நாளைக்குச் சொல்லிவிடுகிறேன், மூட்டை கட்ட வேண்டாம் என்றார். அவள், கட்டி வைக்கிறேன் மாஸ்டர், நீங்கள் சொல்லிவிட்டால் அவிழ்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஆணையத்தின் ஆட்கள் கடைத்தெரு நாற்சந்தியில் நாற்காலிகளைப் போட்டார்கள். முதன்முதலாக ஒருவர் மனம் மாறப்போகிறார் என்று செய்தி பரவி, தெருவே கூடிவிட்டது. வாத்தியார் முன்வரிசையில் நடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ரொட்டிக்கடை அம்மாள் தன் நாத்தனாரிடமிருந்து நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். ஓரமாக வண்டி, அதன் பின்கதவு திறந்திருந்தது. அதன் பக்கத்தில் காஜாக்கா, காலடியில் இரண்டு பைகள். வண்டிக்காரன் அவளுக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவள் உட்காரவில்லை.

அலுவலர் முன்னுரை சொன்னார். ஆணையத்தின் கதவு மனம் மாறுகிறவர்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது, உள்ளே வருவதற்குத்தான் ஆள் இல்லை, இன்று ஒரு தைரியசாலி வந்திருக்கிறார் என்று சொல்லி, தன் கையாலேயே மைக்கின் உறையைப் பிரித்தார்.

மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "நான்," என்றார். நான்கு மூலையிலிருந்தும் அந்த நான் திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய நானை அவர் கேட்டதே இல்லை.

எதிரே பார்த்தார். வாத்தியார் தலையைச் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, காத்துக்கொண்டிருந்தார். எல்லோருமே அப்படித்தான். அந்த முகங்களில் கோபம் இல்லை. ஒரு மாதிரியான பயம் இருந்தது. இவர் தப்பு என்று சொல்லிவிட்டால், அதே பெட்டியில் அதே பெயருக்கு நேரே குத்திய அவர்கள் எல்லோரும் என்ன ஆவது? இவருக்கு இரண்டு வரி. அவர்கள் அதை வாழ்நாள் முழுக்கக் காதில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும்.

"நான் ஓட்டுப் போட்டேன்," என்றார் மாஸ்டர். பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

"காஜாக்கா ரொம்ப நல்லவங்க," என்றார். யாரும் தட்டவில்லை. ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. காஜாக்கா குனிந்து ஒரு பையின் வாரைப் பிடித்தாள், பிடித்தபடியே அவரைப் பார்த்தாள்.

"ஆனா," என்றார் மாஸ்டர்.

அந்த ஆனாவை அவர் ஒத்திகையில் வைத்திருக்கவில்லை. அது வந்ததுதான் தாமதம், முன்வரிசை முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. வாத்தியாரின் நெற்றி நேரானது. மாஸ்டருக்கும் நெஞ்சில் ஏதோ தளர்ந்தாற்போல இருந்தது. அதற்குப்பின் வார்த்தைக்குத் தட்டுப்பாடு இல்லை. அவர்களும் கொஞ்சம் பணிவாக இருந்திருக்கலாம் என்றார். பஸ்ஸில் சிரிக்கிற சிரிப்பைப் பற்றிச் சொன்னார், ஆஸ்பத்திரி வரிசையைப் பற்றிச் சொன்னார். விருந்தாளி எத்தனை நல்லவர் என்றாலும் வீட்டுக்காரனுக்கும் ஒரு மனசு உண்டு இல்லையா என்று கேட்டார். இதில் எதையும் அவர் உட்கார்ந்து யோசித்ததில்லை. எல்லாம் தைத்துத் தயாராக எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது. அளவே எடுக்காமல் அத்தனை பேருக்கும் சரியாக இருந்தது. இருபத்தைந்து வருஷம் கத்தரி பிடித்தும் ஒரே துணியில் இத்தனை பேரை அவர் திருப்திப்படுத்தியதில்லை.

முடித்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரொட்டிக்கடை அம்மாளும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அலுவலர் மைக்கை வாங்கி, ஆணையத்தின் விதிப்படி இதை மனமாற்றமாக ஏற்க இயலாது என்பதைத் தாழ்மையோடு தெரிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு மாஸ்டரின் காதருகே குனிந்து, அடுத்த வாரம் வேறு தெருவில் ஒரு கூட்டம் இருக்கிறது, இதையே வந்து பேச முடியுமா, வண்டி அனுப்புகிறோம் என்று கேட்டார்.

மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டியருகே போனார். போகிற வழியில் நீண்ட கைகளையெல்லாம் குலுக்கிவிட்டுத்தான் போனார்; மரியாதைக்கு நீட்டிய கையை எப்படித் தட்டுவது? காஜாக்கா இரண்டு பைகளையும் உள்ளே வைத்துவிட்டுக் காலைத் தூக்கிப் படியில் வைத்திருந்தாள்.

"அக்கா, நான் சொல்ல வந்தது வேற," என்றார்.

"சொன்னது கேட்டுச்சு மாஸ்டர்." உள்ளே ஏறி உட்கார்ந்தாள். "டாக்டர் கோட்டுல ஒரு காஜா பாக்கி. நாளைக்குக் குடுக்கறதா சொல்லியிருந்தீங்க. வேற ஆளைப் பாத்துக்குங்க."

வண்டிக்காரன் கதவைச் சாத்தினான். வண்டி பாலத்துப் பக்கம் திரும்பிப் போயிற்று.

நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போனபிறகு மாஸ்டரும் மனைவியும் வீட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தி நிறுத்தி அவரைப் பாராட்டினார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் தள்ளி நின்று காத்திருந்தாள். வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டு, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை மாஸ்டர் பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை.

"என்னைக் குத்தம் சொல்ற மாதிரி மூஞ்சியை வச்சிருக்கியே. நான் மைக்குக்கிட்ட இருந்து பாத்தேன். நீயும்தானே கைதட்டினே?"

அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எல்லாரும் தட்டினாங்க," என்றாள்.

பிறகு அவள் கேட்டாள்.

"ரெண்டே வரி. நீங்க ஏன் சொல்லல?"

மாஸ்டர் ஆணியில் தொங்கிய கோட்டைச் சரிசெய்தார்.

"எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க," என்றார்.